நான்கு டிகிரி ஜலம்

பின்லாந்து தேசத்தின் தென்கிழக்கில், சைமா என்னும் பேரேரி தன் விரிகுடாக்களையும் ஜலசந்திகளையும் ஆயிரக்கணக்கான தீவுகளையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, எது கரை, எது தீவு என்று புதிதாக வந்தவனுக்குப் புலப்படாத வண்ணம் பரந்து கிடக்கும் பிரதேசத்தில், பைன் மரக்காட்டின் ஓரமாக நின்ற ஒரு சிறிய மரவீட்டில், ஜூன் மாதத்தின் நடுவிலிருந்து மூன்று வாரங்கள் தங்கியிருக்கும் பாக்கியம் எனக்கு ஒரு சமயம் கிட்டிற்று. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், பௌதிகம் போதித்தவர், என் தமையனாருடன் நெடுநாள் கடிதப் போக்குவரத்து உடையவர். அந்தக் கோடையில் வீட்டைச் செப்பனிடப் போவதாகவும், கூடமாட இருந்து உதவ ஓர் ஆள் கிடைத்தால் நல்லது என்றும் அவர் எழுதியிருந்தார். மண்வெட்டி பிடித்துப் பழகாத என் கைகள் அங்கே காய்ப்புக் காய்த்தன. அதைவிடப் பெரிய லாபம், பள்ளிக்கூடத்தில் படித்துப் பரீட்சை எழுதி மறந்துபோன ஒரு சிறிய பௌதிக விதி ஓர் ஏரியையும் ஒரு வீட்டையும் ஒருங்கே ஆட்டிவைப்பதைக் கண்ணாரக் கண்டது.

ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட நீர்நிலைகளை மட்டும் கணக்கெடுத்தாலே அந்நாட்டில் சுமார் 1,88,000 ஏரிகள் இருக்கின்றன. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அப்பூமியை மூடியிருந்த மாபெரும் பனிப்பாளம், நகர்ந்து நகர்ந்து பாறையைச் சுரண்டிப் பள்ளங்கள் செய்துவிட்டு உருகிப்போயிற்று. அந்தப் பள்ளங்களே ஏரிகள். பனியின் பாரம் நீங்கிய நிலம் இன்றளவும் மெல்ல மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. மேற்குக் கடற்கரையில் சில இடங்களில் ஆண்டுக்கு 8, 9 மில்லிமீட்டர் வீதம் உயர்கிறது என்பது அளந்து கண்ட உண்மை. அவ்வாறு நிலம் உயர்ந்ததனால் கடலோடு தொடர்பு அறுந்து சைமாவிலேயே சிறைப்பட்டுப்போன ஒருவகைக் கடல்நாய் இனம், உப்பில்லாத நீரில் வாழப் பழகி, சில நூறு பிராணிகளே எஞ்சிய நிலையில் இன்றும் அங்கே வாழ்கிறது. நான் அதைப் பார்க்கவில்லை; மாலைதோறும் துறையில் உட்கார்ந்து எதிர்பார்த்திருந்தேன்.

ஏறக்குறைய 55 லட்சம் ஜனங்கள் வாழும் அந்நாட்டில் கோடை வீடுகள் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் உள்ளன. ஏரிக்கரையில் மரத்தால் கட்டிய இவ்வீட்டை அவர்கள் ‘ம்யொக்கி’ என்கிறார்கள். இவற்றில் பல குளிர்காலம் முழுவதும் அடுப்பு மூட்டாமல் பூட்டியே கிடக்கும். மே மாதம் ஏரியின் பனிக்கட்டி உடைந்து கரைந்த பிறகு திறப்பார்கள். எங்கள் வீட்டை அந்த ஆண்டு திறக்கவே முடியவில்லை என்றார் ஆசிரியர். கதவு சட்டத்தோடு இறுகிவிட்டது. வடகிழக்கு மூலைக்கல் நான்கு விரற்கடை மேலெழுந்து, அதன்மேல் கிடந்த அடிமரத்தையும் தூக்கியிருந்தது. அதே அடிமரத்தின் ஒரு முனை, விரலால் அழுத்தினால் உதிரும்படி உளுத்துப் போயிருந்தது. சுவரின் செவ்வண்ணம் தேய்ந்து மரத்தின் நரைத்த நிறம் தெரிந்தது. “இத்தனை வேலையும் செய்தது யார் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு அவர் ஏரியின் பக்கம் கையை நீட்டினார். “அதே தண்ணீர்தான். அங்கே அது காப்பாற்றுகிறது, இங்கே இடிக்கிறது.”

காப்பாற்றுகிறது என்று அவர் சொன்னதன் பொருளை மறுநாளே, உடம்பினால், தெரிந்துகொண்டேன். நண்பகல் வெயிலில் துறையிலிருந்து ஏரியில் இறங்கினால் மார்பளவு நீர் இதமான வெதுவெதுப்பாக இருந்தது; நீந்திச் சென்று, மூச்சடக்கிக் கால் கீழாக ஆழத்துக்கு மூழ்கியபோது, கணுக்காலை யாரோ பனிக்கட்டியால் தொட்டாற்போல் சிலிர்த்தது. மேலே கோடை, கீழே குளிர்காலம். இரண்டுக்கும் இடையில் இரண்டு ஆள் உயரந்தான் தூரம்.

ஆசிரியர் ஒரு வழி காட்டினார். பாட்டிலின் கழுத்தில் கல்லைக் கட்டி, தக்கைக்குத் தனியாக ஒரு நூல் கட்டி, படகிலிருந்து வேண்டிய ஆழத்துக்கு இறக்கி, நூலைச் சுண்டி இழுத்தால் தக்கை கழன்று அந்த ஆழத்து நீர் பாட்டிலுக்குள் புகுந்துகொள்ளும். விரைந்து மேலே இழுத்து வெப்பமானியை அதில் விட வேண்டும். அன்று நாங்கள் கண்ட கணக்கு இது: மேற்பரப்பில் 19 டிகிரி, மூன்று மீட்டரில் 17, நான்கரை மீட்டரில் சட்டென்று 10, எட்டு மீட்டரில் 6. படிப்படியாகக் குறையாமல், நடுவே ஒரு மெல்லிய அடுக்கில் உஷ்ணம் திடீரென்று சரிவதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சரிவு அடுக்கு ஒரு மூடியைப் போலே மேல்நீரையும் அடிநீரையும் பிரித்து வைக்கிறது.

இதற்கெல்லாம் மூலகாரணம், ஜலத்துக்கு வாய்த்திருக்கும் ஒரு விசித்திரமான குணம். பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனத்துக்கொண்டே போகும். ஜலமும் அப்படியே சுருங்கிவந்து, 4 டிகிரியை அடைந்ததும், அதற்குமேல் குளிர்ந்தால் சுருங்குவதை விட்டு விரியத் தொடங்குகிறது. உறையும் தறுவாயில் அதன் அணுக்கூட்டங்கள் ஒன்றையொன்று குறிப்பிட்ட கோணங்களில் பற்றிக்கொண்டு, இடைவெளி நிறைந்த ஒரு கூடு போன்ற அமைப்பை ஏற்க முற்படுவதே காரணம். பனிக்கட்டியாக முற்றும் உறைந்தபோது அதே ஜலம் நூற்றுக்கு ஒன்பது பங்கு அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது, ஆகையால் மிதக்கிறது. இவ்விதி இல்லாவிடில், கடுங்குளிரில் உறைந்த கட்டிகள் ஒவ்வொன்றாக அடியில் போய்த் தங்கி, வடதேசத்து ஏரிகள் அடியிலிருந்து மேலாக உறைந்து, மீன்களுக்கு ஒதுங்க இடமில்லாமற் போயிருக்கும். இப்போதோ, மேலே அரை மீட்டர் கனத்துக்குப் பனிக்கட்டி மூடியிருக்க, அதன்மேல் மனிதர்கள் நடமாட, அடியில் 4 டிகிரியை ஒட்டிய கனத்த நீரில் மீன்கள் உயிரோடு குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

மே மாதத்தில் பனிக்கட்டி கரைந்து, மேல்நீரும் 4 டிகிரிக்கு வரும்போது, ஏரி முழுவதும் ஒரே கனமாகிவிடுகிறது. அப்போது அடிக்கும் காற்று ஏரியை அடிமுதல் நுனிவரை புரட்டிக் கலக்கி, பிராணவாயுவை அடித்தளம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஏரி ஆண்டுக்கு இரண்டு தடவை ஆழ்ந்து மூச்சு விடுகிறது என்று சொல்லலாம். இது முதல் மூச்சு. இலையுதிர் காலத்தில் மேல்நீர் மறுபடியும் குளிர்ந்து வரும்போது இரண்டாவது. இடையில் வரும் கோடையில் மேல்நீர் சூடேறி இலேசாகி, அடியிலுள்ள கனத்த நீரின்மேல் எண்ணெய் போல் மிதக்கத் தொடங்குகிறது. 4 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு ஏறும்போது ஜலத்தின் கனம் எவ்வளவு குறைகிறதோ, அதைப் போல் ஏறத்தாழ 30 மடங்கு, 24 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு ஏறும்போது குறைகிறது. வெயில் ஏற ஏற அந்த மூடி வலுப்படுவதற்கு இதுவே காரணம். மூடியின் கீழுள்ள நீர் இலையுதிர் காலம் வரை வசந்தத்தில் இழுத்த அந்த ஒரு மூச்சைக் கொண்டே ஜீவிக்க வேண்டும். குளிர்ந்த ஜலம் வாயுவை அதிகமாகக் கரைத்து வைத்துக்கொள்ளும் என்பது ஓர் அனுகூலம்: ஒரு லிட்டரில் 0 டிகிரியில் 14 மில்லிகிராமுக்கு மேல் கரையும் பிராணவாயு, 20 டிகிரியில் 9 மில்லிகிராம் அளவே கரையும். நம் ஊர் ஏரிகளில் பெரும்பாலானவை ஓரிரண்டு ஆள் ஆழமே உடையவை. பகலில் மேல்நீர் சூடேறினாலும் இரவுக் காற்றில் எல்லாம் கலந்துவிடும். ஆதலின் இப்படி மாதக்கணக்கில் நிலைத்து நிற்கும் மூடியை நாம் கண்டறிந்ததில்லை.

நான் தங்கியிருந்த இரண்டாம் வாரத்தில் ஓரிரவு பலத்த காற்று வீசிற்று. காலையில் வானம் தெளிந்து வெயிலும் அடித்தது; வழக்கம்போல் துறையில் இறங்கியவன் ஒரு கணங்கூட நிற்க முடியாமல் கரையேறினேன். வெப்பமானி 11 டிகிரி காட்டிற்று. ஏரியின் சூடு ஒரே இரவில் எங்கே போயிற்று? காற்று எங்கள் கரையிலிருந்து எதிர்க்கரை நோக்கி வீசி, மேலே மிதந்த வெதுநீர் முழுவதையும் அப்பக்கமாக ஒதுக்கிவிட்டது. அந்த இடத்தை நிரப்ப, எங்கள் கரையோரம் அடிநீர் மேலே வந்துவிட்டது. சாய்த்த கிண்ணத்தின் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்குவது போலத்தான். காற்று ஓய்ந்த பின்னர் அந்த உள்மூடி ஊஞ்சல் போல் மேலும் கீழும் பலமுறை ஆடித்தான் சமநிலைக்கு வருமாம். மேலே பார்ப்பவனுக்கு ஏரி கண்ணாடி போல் இருக்கும். ஜெனீவா ஏரிக்கரையில் பிறந்து அதன் ஆராய்ச்சியிலேயே ஆயுளைச் செலவிட்ட ஃபொரேல் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி, ஏரிநீரின் மேற்பரப்பு ஊசலாட்டங்களை அளந்து, 1892 முதல் 1904 வரையில் மூன்று பாகங்களாக ஒரு பெருநூல் வெளியிட்டார். ஏரிகளைப் பற்றிய விஞ்ஞானம் ஒரு தனிச் சாஸ்திரமானது அவராலேதான்.

இனி வீட்டுக்கு வருவோம். அங்கே காரியம் இன்னும் சுவாரஸ்யமானது. ஏனென்றால் நான் இத்தனை காலமும் தப்பாக நம்பிவந்த ஒன்று அங்கேதான் திருத்தம் பெற்றது.

மண்ணுக்குள் இருக்கும் ஈரம் குளிர்காலத்தில் உறைகிறது. உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிகிறது. அந்த விரிவே மூலைக்கல்லைத் தூக்கிவிடுகிறது. இப்படித்தான் நான் விளக்கம் சொன்னேன். ஆசிரியர் தலையை அசைத்து, ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு மீட்டர் ஆழத்துக்கு மண் உறைகிறது என்று வைத்துக்கொண்டு, அதில் மூன்றில் ஒரு பங்கு நீர் என்றும் வைத்துக்கொண்டால், ஒன்பது சதவிகித விரிவினால் நிலம் மூன்று சென்டிமீட்டர் எழும்பலாம். ஆனால் அதைப்போல் பலமடங்கு நிலம் எழும்புவதை அந்நாட்டார் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். மிகுதி எங்கிருந்து வந்தது? ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியல் அறிஞர் 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்ச்சிகளில் இதற்கு அற்புதமான ஒரு விடை கண்டார். உறையும்போது விரியாமல் சுருங்கும் இயல்புடைய பென்ஸீன் என்ற திரவத்தை, ஜலத்துக்குப் பதிலாக, களிமண்ணில் ஊறவைத்து மேலிருந்து குளிரவிட்டார். அப்போதும் மண் மேலெழும்பிற்று. ஆகவே விரிவு முக்கிய காரணமாக இருக்க முடியாது என்று ருசுவாகிவிட்டது.

உண்மையில் நடப்பது இது. நுண்ணிய களிமண் துகள்களைச் சுற்றி மயிரிழையினும் மெல்லிய ஒரு நீர்ப்படலம், பூஜ்யத்துக்குக் கீழே போன பின்னும், உறையாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே முதலில் உருவாகும் பனித்தகடு, அந்தப் படலத்தின் வழியாக, விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல், கீழே உறையாத மண்ணிலிருந்து நீரை மேலே இழுத்துக்கொள்கிறது; இழுத்த நீர் தகட்டின் அடிப்பக்கத்தில் உறைந்து ஒட்ட, தகடு கனத்துக்கொண்டே போய், தன் மேலிருக்கும் மண்ணையும் கல்லையும் வீட்டையும் தூக்குகிறது. மே மாதத் தொடக்கத்தில் மூலைக்கல்லின் அருகே தோண்டியபோது, பழுப்புக் களிமண்ணுக்கு இடையிடையே, அரிசியளவு கனத்திலிருந்து விரலளவு கனம் வரை, வெள்ளைப் பனித்தகடுகள் அடுக்கடுக்காக இருந்தனவென்று சொல்லி, அப்போது எடுத்த புகைப்படத்தை ஆசிரியர் காட்டினார். வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினாற்போன்ற தோற்றம். உறைந்த நிலத்துக்கென்றே அந்நாட்டார் பாஷையில் ‘ரௌதா’ என்று ஒரு தனிச்சொல் இருக்கிறது.

திறந்த வெளியில் பனி பஞ்சுமெத்தை போல் நிலத்தைப் போர்த்தி, ரௌதா ஆழமாக இறங்காமல் காக்கிறது. குடியிருக்கும் வீட்டின் அடியிலோ அடுப்பின் கதகதப்பு நிலத்துக்கும் எட்டுகிறது. பூட்டிக் கிடக்கும் கோடை வீட்டின் கீழே பனிப்போர்வையும் இல்லை, கதகதப்பும் இல்லை. வீட்டின் நிழலே வீட்டுக்குப் பகையாகிவிடுகிறது.

பரிகாரம் எளிது; உழைப்புத்தான் அதிகம். இரண்டு ஜாக்கிகளை வைத்து மூலையை அங்குலம் அங்குலமாக உயர்த்தி நிறுத்தினோம். ஒவ்வொரு திருகலுக்கும் பழைய மரங்கள் முனகின. மூலைக்கல்லைப் புரட்டி அகற்றிவிட்டு, இடுப்பளவு ஆழத்துக்குக் களிமண்ணைத் தோண்டி எடுத்து, அந்தக் குழியைப் பருக்கைக் கல்லால் நிரப்பித் திமிசு போட்டு இறுக்கினோம். கூழாங்கற்களுக்கு இடையேயுள்ள சந்துகள் பெரியவை. அவற்றின் வழியாக நீர் கீழே வடியுமேயன்றித் திரியில் ஏறுவது போல் மேலே ஏறாது. நீர் ஏறாவிட்டால் பனித்தகடு வளராது. தகடு வளராவிட்டால் கல் எழும்பாது. ஈரத்தை வடித்துக் கொண்டுபோக ஏரியை நோக்கிச் சரிவாக ஒரு வாய்க்காலும் வெட்டினோம். நான்கு நாள் வேலை. கொசுக்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

உளுத்த அடிமரத்தை அறுத்து எடுத்தபோது அதன் உட்புறம் பழுப்பாக, சிறுசிறு சதுரக் கட்டிகளாக வெடித்திருந்தது. மரத்துக்கு வலுவைத் தரும் செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளை மட்டும் தின்றுவிட்டு மற்றதை விட்டுவைக்கும் ஒருவகைக் காளானின் வேலை அது. உலர்ந்த மரத்தின் எடையில் ஐந்திலொரு பங்குக்குக் குறைவாக ஈரம் இருக்கும்வரை அந்தக் காளான் தலையெடுக்காது; மூலைக்கல் எழும்பி, மழைநீர் தேங்க இடம் கொடுத்ததும் அது தன் காரியத்தைத் தொடங்கிவிட்டது. புதிய மரத்தைப் பொருத்த வந்த தச்சர் ஜன்னல் சட்டத்துக்கு மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு, அதில் சணல் நாரைத் திணித்தார். மரம் உலரும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதேயில்லை. குறுக்குவாக்கில் நன்றாகச் சுருங்கும். மரங்களைக் கிடையாக அடுக்கிக் கட்டிய சுவர் ஆகையால் காலப்போக்கில் சுவரே இறங்கும். இடம் விடாவிட்டால் சுவரின் பாரம் முழுவதும் ஜன்னல் கண்ணாடியின் தலையில் வந்து விடியும்.

கடைசி வாரம் வண்ணம் காய்ச்சினோம். காய்ச்சினோம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். முற்றத்தில் கல் அடுப்பு மூட்டி, பெரிய இரும்பு அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, இரும்பின் கந்தக உப்பாகிய அன்னபேதியைக் கரைத்து, ரை என்னும் தானியத்தின் மாவைக் கட்டி தட்டாமல் தூவிக் கிண்டி, கஞ்சி பதம் வந்தபின் செம்மண் பொடியைச் சேர்த்து, மணிக்கணக்காகத் துழாவிக்கொண்டிருந்தோம். ‘புனமுல்தா’ என்பது அதன் பெயர். செம்மண் என்பதே சொல்லின் பொருளும். மாவிலுள்ள ஸ்டார்ச்சு வெந்நீரில் உப்பிப் பசையாகி, நிறத்துகள்களை மரத்தோடு ஒட்டவைக்கிறது. மாவைத் தின்ன வரும் பூஞ்சையை அன்னபேதி தடுக்கிறது. பக்கத்து நாடாகிய சுவீடனில், ஃபாலுன் தாமிரச் சுரங்கத்தின் கழிவு மண்ணைச் சுட்டு இதே நிறத்தை நூற்றாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். மஞ்சள் காவியைச் சுட்டால் அதிலுள்ள இரும்புச் சேர்மத்திலிருந்து நீர் நீங்கிச் சிவப்பாகிவிடுகிறது. அண்டாவில் அந்த நிறத்தைக் கண்டபோது எனக்கு ஊர் நினைவு வந்தது. நம் கோயில் மதிலில் சுண்ணாம்புப் பட்டைக்கு அடுத்த பட்டையாகத் தீட்டுவதும், மார்கழி மாதத்தில் கோலத்துக்குக் கரை கட்டுவதும் இதே இரும்பின் சிவப்புத்தான்.

இந்த வண்ணத்தின் சிறப்பு அது தோலாகப் படியாமலிருப்பது. பளபளப்பான பூச்சுகள் மரத்தின்மேல் ஒரு சவ்வாக மூடிக்கொள்ள, எங்கேயாவது ஒரு விரிசல் வழியாக உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி மரத்தை உளுக்கச் செய்கிறது. புனமுல்தாவோ மழைக்கு நனைந்து வெயிலுக்கு உலர்ந்து, மரம் மூச்சு விட இடம் கொடுத்து, ஆண்டுகள் பல கழிந்தபின் பொடிப்பொடியாகத் தேய்ந்து போகும், உரிந்து தொங்காது. விளக்குமாறு கொண்டு தட்டிவிட்டு, மறுபடி பூசினால் போதும். நீரை முற்றிலும் தடுத்துவிட முயல்வதைவிட, வந்த நீர் திரும்பிப் போக வழிசெய்து வைப்பதே வீட்டுக்குப் பாதுகாப்பு என்பது என் திடமான அபிப்பிராயம். அடிவாரத்துக் கூழாங்கல்லும் சுவரின் செவ்வண்ணமும் செய்வது இந்த ஒரே காரியந்தான்.

ஜூன் மாதக் கடைசியில் அங்கே சூரியன் ஏறத்தாழ 19, 20 மணி நேரம் வானத்தில் இருக்கிறது. இரவு பத்து மணிக்கும் வெயில் வெளிச்சத்தில் சுவர் பூசிக்கொண்டிருந்தோம். வேலை முடிந்த அன்று ஆசிரியர் வெள்ளை எனாமல் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி என்னிடம் தந்தார். படகிலிருந்து அதை இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். 1865ஆம் ஆண்டில் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானசாஸ்திரி, மத்தியதரைக் கடலில் கையாண்ட முறை இது. நீரின் தெளிவை அளக்க உலகெங்கும் இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சதுப்புக் காடுகளின் இலைச்சாறு ஊறித் தேநீர் நிறமாயிருந்த அந்த ஏரியில், தட்டு முதலில் மஞ்சளாகி, பிறகு செம்பின் நிறமாகி, இரண்டரை மீட்டரில் மறைந்தது. வெயிலின் சூடு மேலேயே தங்கிவிடுவதற்கு அந்தப் பழுப்பு நிறமும் ஒரு காரணம்.

மறுவருஷம் மே மாதம் பதினோராம் தேதியிட்டு அவரிடமிருந்து கடிதம் வந்தது. ஏரி முந்தின வாரம் பனிக்கட்டி நீங்கித் திறந்துவிட்டதாம். துறையில் நீர் 4 டிகிரியாம். மூலைக்கல்லின்மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் குமிழி நடுவில் நின்றதாம். கதவு ஒரே தள்ளில் திறந்ததாம்.